உண்ணாமையும் மூளையும்

சாகாமக் குளத்து நீர் பாய்ந்த வயல்களின் நெல் வீடு வந்து சேருங் காலத்தில், அவ்வூரிலும் அதனை அடுத்த திருக்கோவில், தம்பிலுவில், அக்கரைப்பற்று முதலிய ஊர்களிலும் வந்தாரை உண்பியாது அனுப்புதல் வழக்கமன்று. உண்டீரா என்று கேட்பதே நலம் கேட்பதாக அமைந்த நாடு இது. பசி என்பதும் இக்கரையோர மக்கள் ஏட்டிற் கற்றறிந்த பொருளன்று. போர்க்காலத்து இடப்பெயர்விலும், 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையின் பின் அகதி முகாம்களிலும் அதனை அவர்கள் நேரிற் கண்டவர்கள். ஆயினும், சோறின்மையால் வரும் பசி வேறு. சோறு முன்னே இருக்கவும் உண்ண இயலாமை வேறு. முன்னதைப் போக்கும் வழியை யாவரும் அறிவர். பின்னதைப் பற்றி அறிந்தோர் சிலரே.

ஒரு வீட்டிற் பதினைந்து வயதுச் சிறுமி ஒருத்தி இருக்கின்றாள் எனக் கொள்க. முதலில் இரவுச் சோற்றை விடுகின்றாள். பின்னர் காலையுணவை விடுகின்றாள். சில திங்களிற் பகலுணவும் நாலு கவளமாகச் சுருங்குகின்றது. உடல் மெலிகின்றது, மாதவிலக்கு நின்றுவிடுகின்றது, கைகால்கள் குளிர்ந்து கிடக்கின்றன. ஆயினும் அவள் படிப்பில் முன்னிலும் ஊக்கம் உடையவளாய், ஓயாது நடமாடுபவளாய் இருக்கின்றாள். தாய் மன்றாடுகின்றாள்; தந்தை அதட்டுகின்றார். அயலார் பிடிவாதம் என்கின்றனர். கண்ணூறு என்று ஒருவர் நூல் கட்டுகின்றார். பேய்க்குற்றம் என்று வேறொருவர் பரிகாரம் சொல்லுகின்றார். வளர்ப்பின் பிழை என்று தாயையே குறை கூறுவாரும் உளர். இத்தனை பேச்சுக்கும் இடையே காலம் கழிகின்றது. காலம் கழிதலே இந்நோயிற் பெருங்கேடு. உளநோய்களுள் மிகுதியான உயிரைக் கவர்வனவற்றில் ஒன்றாக இது மருத்துவராற் கணிக்கப்பட்டுள்ளது.

இது பிடிவாதமா, பிணியா? பிணியாயின் அதன் இருப்பிடம் யாது? இருப்பிடம் அறியப்பட்டால் மருத்துவம் செம்மையுறுமா? இவ்வினாக்களுக்கு மூளை பற்றிய ஆராய்ச்சி தந்துள்ள விடைகளைத் தொகுத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்வாராய்ச்சியின் தொடக்கத்தில் இந்திய உடற்றொழிலியலறிஞர் ஒருவர் நிற்கின்றார் என்பது தமிழ் வாசகர் சிறப்பாக அறியத்தக்கது.

நோன்பும் நோயும்

உண்ணாமை எல்லாம் நோயன்று. ஐப்பசித் திங்களிற் கந்தசட்டி விரதம் ஆறு நாள் நோற்கப்படுகின்றது. அயலூர்களில் வாழும் முஸ்லிம் மக்கள் றமழான் மாதம் முழுவதும் பகலில் நீரும் அருந்தாது நோன்பிருக்கின்றனர். இவ்விரண்டுக்கும் தொடக்கம் உண்டு; முடிவும் உண்டு. விரதம் பாரணையோடு நிறைவுறும். நோன்பு மாலைதோறும் பேரீச்சம்பழத்தோடும் கஞ்சியோடும் திறக்கப்படும். முடிக்கும் வேளை மகிழ்ச்சிக்குரிய வேளை. சுற்றத்தார் கூடியிருந்து உண்ணும் வேளையும் அதுவே. நோயாளர்க்கு இரு சமயங்களும் விலக்கு அளித்துள்ளன.

உணவு மறுப்பு நோயில் இவையொன்றும் இல்லை. நோன்பாளர் நோன்பை ஆளுகின்றார். நோயிலோ உண்ணாமை மனிதரை ஆளுகின்றது. உண்ணும் வேளை வந்தால் அங்கே மகிழ்ச்சி தோன்றுவதில்லை, அச்சமே தோன்றுகின்றது. சுற்றத்தோடு இருந்து உண்ணுதல் தவிர்க்கப்படுகின்றது. விரதத்தைக் காரணங் காட்டித் தொடங்கிய உண்ணாமை விரதம் முடிந்த பின்னும் நீளுமாயின், அங்கே நோய் விரதத்தின் போர்வையை அணிந்துள்ளது என ஐயுறுதல் வேண்டும்.

நோயின் பெயரும் வரலாறும்

இந்நோய் இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1689ஆம் ஆண்டில் இறிச்சட் மோட்டன் என்னும் ஆங்கில மருத்துவர், காய்ச்சலும் இருமலும் இன்றியே உடல் தேய்ந்த இரண்டு இளையோரைப் பற்றி எழுதினார். ஒருத்தி பதினெட்டு வயதுப் பெண். மற்றவன் பதினாறு வயது இளைஞன். அப்பெண் இறந்தாள், இளைஞன் பிழைத்தான். ஆண்மக்களையும் இந்நோய் பற்றும் என்பதற்கு இதுவே பழஞ் சான்று. 1873ஆம் ஆண்டில் இலண்டனில் வில்லியம் கல் என்பாரும், பாரிசு நகரில் இலசேகு என்பாரும் ஒருவர்க்கொருவர் தொடர்பின்றி இதனை விரிவாக விளக்கினர். கல் இதற்கு இட்ட 'அனொரெக்சியா நெர்வோசா' என்னும் பெயரே இன்றும் நிலவுகின்றது. நரம்பு சார்ந்த பசியின்மை என்பது அதன் பொருள். அப்பெயர் பொருத்தமற்றது என்பது பின்னர்ப் புலனாகும்.

இதற்கு எதிர்ப்பக்கம் போலத் தோன்றும் நோயும் உண்டு. சிறு பொழுதில் அடக்கமாட்டாது பேரளவு உண்டு, பின்னர் நாணமும் அச்சமும் மேலிட, வாந்தியெடுத்தோ பேதிமருந்து உட்கொண்டோ பட்டினி கிடந்தோ அதனை ஈடுசெய்ய முயல்வது அந்நோய். 1979ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் செரால்டு இறசல் அதனைத் தனியே பிரித்து விளக்கிப் 'புலிமியா நெர்வோசா' எனப் பெயரிட்டார். ஈடுசெய்யும் முயற்சியின்றிப் பேரளவு உண்ணும் நோயும் பிற்காலத்தில் வேறாக வகுக்கப்பட்டது. தமிழர்க்கு அடங்காப் பசி என்னும் கருத்துப் புதிதன்று. மணிமேகலைக் காப்பியத்திற் காயசண்டிகை என்பாள் முனிவன் சாபத்தால் யானைத்தீ என்னும் தீராப்பசிக்கு ஆளாகிப் பன்னீராண்டு அலைந்தாள். பண்டையோர் சாபமென்று கூறிய இடத்தில் இன்றைய அறிவியல் நரம்புக் கலங்களைத் தேடுகின்றது. ஆயின் இருசாராரும் ஒன்றில் உடன்படுவர்: அது அவள் விரும்பி ஏற்றுக்கொண்டதன்று.

எலியின் மூளையிற் கண்ட உண்மை

மூளையின் அடிப்புறத்தே, நடுவில், பெருவிரல் நுனியினும் சிறிதான ஒரு பகுதி உண்டு. பரிவகம் என்னும் உறுப்பின் கீழே அமைந்தமையால் அதனைப் பரிவகக்கீழ் என்பர். மருத்துவர் ஐப்போதலமசு என வழங்குவர். உடல் வெப்பம், தாகம், உறக்கம், பூப்பு ஆகியவற்றை ஒழுங்குபடுத்துவது அதுவே. 1940ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளராகிய எதறிங்டன், இரான்சன் என்னும் இருவர், எலிகளில் இப்பகுதியின் நடுப்புறத்தை அழித்தால் அவை அளவின்றிக் கொழுக்கின்றன என்பதைக் காட்டினர். போதும் என்னும் உணர்வு அங்கே உண்டாகின்றது என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது.

அவ்வாறாயின் உண்ணத் தூண்டும் இடம் யாது? இவ்வினாவுக்கு விடை கண்டவருள் ஒருவரே பால் கிருஷன் ஆனந்த் என்னும் இந்திய உடற்றொழிலியலறிஞர். அவர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திற் சோன் புரொபெக் என்பாருடன் சேர்ந்து ஆராய்ந்தார். நுண்ணிய மின்கம்பியை எலியின் மூளையுட் செலுத்தி, பரிவகக்கீழின் வெளிப்புற ஓரத்தில் இரு பக்கத்தும் சிறு புள்ளியளவான இழையத்தை மாத்திரம் மின்னோட்டத்தால் அழித்தனர். அதன்பின் அவ்வெலிகள் உணவைத் தீண்டவேயில்லை. வாயருகே உணவிருக்கவும் பட்டினி கிடந்து மெலிந்து இறந்தன. பூனைகளிலும் இத்தகைய விளைவே காணப்பட்டது. 1951ஆம் ஆண்டில் இம்முடிவுகள் வெளியாயின. நடுப்புறத்திலே நிறைவு மையமும், ஓரத்திலே உண்ணும் மையமும் இருந்து, ஒன்றையொன்று அடக்கி உணவை ஒழுங்குபடுத்துகின்றன என்ற கொள்கை அதனால் உருவாயிற்று.

ஆனந்த் தாயகம் திரும்பி, 1956ஆம் ஆண்டிற் புது டில்லியில் நிறுவப்பெற்ற அனைத்திந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் உடற்றொழிலியற்றுறையை வளர்த்தார். 1962ஆம் ஆண்டில் அவரும் உடனாய்வாளரும் மற்றோர் உண்மையை வெளியிட்டனர். குருதியிற் குளுக்கோசு கூடும்போது நிறைவு மையத்துக் கலங்களின் மின்னியக்கம் மிகுகின்றது. உண்ணும் மையத்தில் அது குறைகின்றது. உண்ட உணவின் செய்தியை மூளை குருதி வழியாகப் பெறுகின்றது என்பதற்கு இது நேரான சான்றாயிற்று.

எலிக்குக் கண்ட முடிவை மனிதர்க்கு அப்படியே ஏற்றுதல் தகாது. உணவு மறுக்கும் சிறுமியின் மூளையில் இத்தகைய புண் ஒன்றும் இல்லை. மிக அருமையாகச் சிலரிடம் மூளைக்கட்டி இந்நோய்போலத் தோன்றுவதுண்டு. அதனை மருத்துவர் ஆராய்ந்து விலக்குவர். எனினும் ஆனந்தின் எலிகள் ஒரு பேருண்மையை நிலைநாட்டின. உண்ணுதல் என்பது வெறும் விருப்பத்தின் செயலன்று. மூளையில் அதற்கென அமைந்த பொறி உண்டு. அப்பொறி கெட்டால், எதிரே உணவிருந்தும் உயிர் பட்டினியால் மாளும்.

மீண்ட எலிகள்

1954ஆம் ஆண்டிற் றைற்றல்பாம், தெல்லர் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர் அவ்வகை எலிகளை இறக்க விடாது, குழாய் வழியாக உணவு புகட்டிப் பேணினர். நாட்கள் செல்ல, அவை முதலில் ஈரமான, சுவைமிக்க உணவைச் சிறிது ஏற்றன. பின்னர் படிப்படியாகத் தாமே உண்ணத் தொடங்கின. பிறர் ஊட்டிக் காத்த காலத்தில் மூளை தன் தொழிலை ஓரளவு மீட்டுக்கொண்டது. மையம் அழிந்தால் யாவும் அழிந்தது என்ற எண்ணம் இதனால் தளர்ந்தது.

1971ஆம் ஆண்டிற் சுவீடன் நாட்டு உங்கசுரெட்டு மற்றொன்றைக் காட்டினார். உண்ணும் மையம் எனப்பட்ட இடத்தின் வழியே தொப்பமைன் என்னும் இரசாயனப் பொருளை ஏந்திய நரம்பு நார்கள் செல்கின்றன. அந்நார்களை மாத்திரம் அழித்தாலும் உண்ணாமை தோன்றுகின்றது. தொப்பமைனோ ஊக்கத்துக்கும், பயன் நாடும் செயலுக்கும், பழக்கம் பதிவதற்கும் உரிய பொருள். ஆகவே உண்ணுதல் ஒரு சிறு மையத்தின் தொழில் மாத்திரமன்று. பசி, ஊக்கம், இன்பம், அச்சம், பழக்கம் ஆகியவற்றை இணைக்கும் வலையொன்றின் தொழில் என்பது தெளிவாயிற்று. பின்வந்த ஆராய்ச்சிகள் இவ்வலையையே துருவுகின்றன.

பசி இல்லையா, பசிக்குச் செவி இல்லையா?

1994ஆம் ஆண்டில் நியூ யோர்க்கின் உறொக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் இலெப்ரின் என்னும் ஓமோன் கண்டறியப்பட்டது. உடற்கொழுப்பிலிருந்து சுரந்து, சேமிப்பு எவ்வளவு என்பதை மூளைக்கு அறிவிப்பது அது. 1999ஆம் ஆண்டில் யப்பானிய அறிஞர் கிறெலின் என்னும் மற்றோர் ஓமோனைக் கண்டனர். பெரும்பாலும் இரைப்பையிற் சுரந்து, உண்க எனத் தூண்டுவது அது.

உணவு மறுக்கும் நோயாளரின் குருதியை ஆராய்ந்தபோது இலெப்ரின் மிகக் குறைந்தும், கிறெலின் மிகுந்தும் காணப்பட்டன. அஃதாவது, உடல் பசிக்கின்றது என்று இடைவிடாது முறையிடுகின்றது. பசியின்மை என்ற பெயர் பொருத்தமற்றது என மேலே கூறியதன் காரணம் இதுவே. முறையீடு எழுகின்றது, ஆயின் அதனைக் கேட்டு, உணவை இன்பமாகக் கண்டு, கையை நீட்டச் செய்யும் மூளைப்பகுதிகள் வேறு வகையாக விடையிறுக்கின்றன. அச்சமும் முன்னெச்சரிக்கையும் மேலோங்கிப் பசியின் குரலை அமிழ்த்துகின்றன. உண்ணாதபோது மனக்கலக்கம் தணிவதாகவும், உண்டபோது பெருகுவதாகவும் நோயாளர் பலர் கூறுவர். தணிவைத் தருவதை மனம் நாடும். நாடுந்தோறும் உண்ணாமை வேரூன்றும்.

பட்டினி மூளைக்குச் செய்வது

உண்ணாமை மூளையின் மாற்றத்தால் வருகின்றதா, அன்றி உண்ணாமையால் மூளை மாறுகின்றதா? இவ்வினாவுக்கு ஒரு பகுதி விடை, நோயற்றவரிடம் நடந்த ஒரு சோதனையிற் கிடைத்தது. 1944, 1945ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மின்னசோற்றாப் பல்கலைக்கழகத்தில் அன்சல் கீசு என்பார் 36 இளைஞரைக் கொண்டு அதனை நிகழ்த்தினார். போரிற் படைக்கலம் ஏந்த மனம் ஒவ்வாது, மாற்றுப் பணியாக இதனை விரும்பி ஏற்றவர் அவர்கள். உடலும் உள்ளமும் நலமுடையோராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர்களுக்கு 24 கிழமைகள் குறையுணவே அளிக்கப்பட்டது. உடல் நிறை ஏறத்தாழ நாலிலொரு பங்கு குறைந்தது.

அவர்களின் உள்ளம் மாறிய விதமே வியப்புக்குரியது. நாள் முழுதும் உணவே எண்ணமாயிற்று. சிலர் சமையற் குறிப்பு நூல்களைச் சேர்த்தனர். சிலர் ஒரு வேளை உணவை மணிக்கணக்காகச் சிறுகச் சிறுக உண்டனர். சிலர் அதனை நீர் விட்டுப் பெருக்கினர். சினமும் சோர்வும் மிகுந்தன. நண்பரை விட்டு விலகினர். மீண்டும் உணவு கிடைத்தபோது சிலர் அடக்கமின்றி உண்டனர். உணவு மறுப்பு நோயின் தனிக்குணங்கள் எனக் கருதப்பட்டவற்றுட் பல, நோயற்ற இளைஞரிடம் வெறும் பட்டினியால் தோன்றின. பட்டினி கிடக்கும் மூளை பட்டினி கிடக்கும் மூளையாகவே சிந்திக்கும். அதனோடு வாதிட்டு வெல்ல முயலுதல், காய்ச்சலிற் பிதற்றுபவனோடு வழக்காடுதல் போலும்.

படக்கருவி காட்டியவை

உயிருள்ள மனிதரின் மூளையைத் தீங்கின்றிக் காண, எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்தப் படக்கருவி வழி செய்தது. பல நாட்டு ஆய்வாளர் தம் படங்களை ஒன்றுசேர்த்து 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், இந்நோயாற் பெரிதும் மெலிந்தோரின் மூளைப் புறணி குறிப்பிடத்தக்க அளவு மெலிந்திருந்தமை காணப்பட்டது. பிற உளநோய்களிற் காணப்படும் மாற்றத்தினும் இது பன்மடங்கு பெரிது. ஆயின் அதனுள் ஆறுதலும் அடங்கியிருந்தது. உடல் நிறை ஓரளவு மீண்டோரிடம் அம்மாற்றம் மிகக் குறைந்திருந்தது. எனவே இழந்ததிற் பெரும்பகுதி மீளத்தக்கது. உணவு தசையை வளர்ப்பதோடு நில்லாது மூளையையும் மீட்கின்றது.

2015ஆம் ஆண்டில் நியூ யோர்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தார் மற்றொரு வினாவை எழுப்பினர். நோயாளர் எதனை உண்பதெனத் தெரிவு செய்யும் கணத்தில் மூளையில் எப்பகுதி இயங்குகின்றது? படக்கருவியுள் இருந்தவாறே உணவுகளைத் தெரிவு செய்யச் சொல்லி ஆராய்ந்தபோது, மூளையின் உட்புறத்தே உள்ள வரியுடல் என்னும் அமைப்பின் மேற்பகுதி நோயாளரின் தெரிவோடு பெரிதும் தொடர்புற்றிருந்தது. பழக்கங்கள் பதியும் இடங்களுள் அஃது ஒன்று. மிதிவண்டி ஓட்டுபவர் ஒவ்வொரு மிதியையும் எண்ணி மிதிப்பதில்லை. அதுபோலவே, முதலில் எண்ணிச் செய்த உணவு மறுப்பு நாளடைவில் எண்ணாமலே நிகழும் பழக்கமாக இறுகிவிடுகின்றது என்னும் கருத்துக்கு இவ்வாய்வு துணை நின்றது. மனம் திருந்த விரும்பியும் கை உணவை நாடாமைக்கு இது விளக்கம் தருகின்றது. 'அவளே உண்ண வேண்டும் என்கின்றாள், ஆனால் உண்கின்றாளில்லை, நடிக்கின்றாள்' என்று பழிப்பது பெரும் பிழை என்பதும் இதனாற் புலனாகும்.

பிறப்பின் பங்கும் ஆராயப்பட்டது. 2019ஆம் ஆண்டில் 16,992 நோயாளரின் பரம்பரைக் கூறுகளை நோயற்றோருடைய கூறுகளோடு ஒப்பிட்ட பன்னாட்டு ஆய்வு, இந்நோயோடு தொடர்புடைய 8 இடங்களைக் கண்டது. அவற்றின் தொடர்பு உளநோய்க் கூறுகளோடு நில்லாது, உடல் சத்தை எரித்துச் சேமிக்கும் முறை பற்றிய கூறுகளோடும் அமைந்திருந்தது. ஆகவே இந்நோய் உள்ளத்தை மட்டும் சார்ந்ததன்று. உடலின் எரிபொருட் கணக்கையும் சார்ந்தது. இது பரம்பரை விதி என்று கைவிடுவதற்குரிய செய்தியன்று. தாயின் வளர்ப்பே காரணம் என்னும் பழியை நீக்குவதற்குரிய செய்தி.

கீழைநாட்டு நோயாளர்

மேனாட்டு நூல்கள் பருமன் பற்றிய அச்சத்தையே இந்நோயின் முதற்குறியாகக் கூறிவந்தன. ஆயின் ஒங்கொங்கிற் சிங் லீ என்னும் மருத்துவர் 70 நோயாளரை ஆராய்ந்து 1993ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், பாதிக்கு மேற்பட்டோர் அத்தகைய அச்சம் எதனையும் கூறவில்லை. வயிறு நிறைந்திருக்கின்றது, உணவு செல்லவில்லை என்பனவே அவர்தம் கூற்று. 1995ஆம் ஆண்டில், முன்னர் ஆனந்த் பணிபுரிந்த அதே டில்லிக் கழகத்து உளமருத்துவர்கள் ஐந்து இளம்பெண்களைப் பற்றி எழுதினர். அவர்கள் உணவை மறுத்தனர், வாந்தியெடுத்தனர், மெலிந்தனர். ஆயினும் தம் உடல் பருத்தது என்ற எண்ணம் அவர்களிடம் காணப்படவில்லை. அதே காலத்திற் சென்னையில் மாணவரிடை நடந்த ஆராய்ச்சி, முழுநோயாக முதிராத உணவுத் துன்பங்களும் உள்ளன என்று சுட்டியது.

2013ஆம் ஆண்டில் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தன் நோய் வகுப்பு நூலைத் திருத்தியபோது, பருமன் அச்சமின்றியே உணவைத் தவிர்த்து மெலியும் நிலையைத் தனி நோயாக ஏற்றது. இதனாற் பெறப்படும் பாடம் யாது? 'மெலிய விரும்புகின்றாயா?' என்று கேட்டு, 'இல்லை' என்ற விடையைப் பெற்றவுடன் ஐயத்தைக் கைவிடுதல் ஆகாது. சாகாமத்துச் சிறுமி வயிறு பொருமுகின்றது, நெஞ்சு அடைக்கின்றது, சோற்று மணம் ஒவ்வவில்லை என்றே கூறக்கூடும். சொற்கள் ஊருக்கு ஊர் வேறுபடும். பட்டினியுற்ற மூளையின் நிலை வேறுபடாது.

மருத்துவத்துக்குப் பெற்ற பயன்

இவ்வாராய்ச்சிகளால் மருத்துவத்துக்கு விளைந்த பயன்களை நான்காகத் தொகுக்கலாம்.

முதலாவது, உணவே முதல் மருந்து. மனம் மாறியபின் உண்பாள் என்று காத்திருத்தல் முறை தலைகீழானது. உண்டு நிறை மீண்ட பின்னரே மனம் மாறும் ஆற்றல் பெறுகின்றது. மீண்ட எலிகளும், மின்னசோற்றா இளைஞரும், படக்கருவியும் இதனையே கூறுகின்றன. எனினும் நெடுநாட் பட்டினி கிடந்தவர்க்கு ஒரே நாளிற் பெருவிருந்து ஊட்டுதல் உயிருக்கே கேடு. திடீரென உணவு புகும்போது குருதியிற் பொசுபேற்று முதலிய உப்புக்கள் சடுதியாகத் தாழ்ந்து இதயம் தடுமாறும். ஆதலின் மிக மெலிந்தோர்க்கு மருத்துவமனையிற் குருதிச் சோதனையோடு படிப்படியாகவே உணவு பெருக்கப்படுகின்றது.

இரண்டாவது, குடும்பம் மருத்துவத்தின் துணை. கல் என்பார் உறவினரே இந்நோயாளரைப் பேணுதற்கு மிகத் தகுதியற்றோர் என்று எழுதினார். நூறாண்டுக்குப் பின் இலண்டன் மோட்சிலி மருத்துவமனை இதனை மாற்றியது. பெற்றோரைக் குறைகூறாது, பிள்ளையின் உணவுப் பொறுப்பைச் சிறிது காலம் அவரிடமே ஒப்படைத்து, மருத்துவர் அவர்க்கு வழிகாட்டும் முறை அங்கே உருவாயிற்று. 1987ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி, இளவயதில் நோயுற்று நெடுங்காலம் செல்லாதோர்க்கு அம்முறை சிறந்தது எனக் காட்டியது. நோய் பிள்ளையன்று, பிள்ளை நோயன்று எனப் பெற்றோர் பிரித்துணர்தல் அதன் அடிப்படை. மூளை ஆராய்ச்சி அப்பிரிவுக்கு உறுதி தருகின்றது.

மூன்றாவது, பழக்கத்தைப் பழக்கத்தால் வெல்லுதல். நேரம் தவறாத மூவேளை உணவு, இடைச் சிற்றுண்டி, கூடியிருந்து உண்ணல், அச்சந்தரும் உணவைச் சிறுகச் சிறுக அணுகுதல் ஆகியவை புதிய பழக்கத்தைப் பதிப்பன. உரையாடல் வழி எண்ணத்தையும் நடத்தையையும் திருத்தும் உளமருத்துவம் புலிமியா நோயிற் சிறந்த பயன் தருகின்றது. அந்நோயிற் புளுவொட்சற்றின் என்னும் மருந்தும் உதவுகின்றது. உணவு மறுப்பு நோய்க்கோ அத்தகைய உறுதியான மருந்து இன்னும் நிறுவப்படவில்லை. மிகக் கடிய, நெடுநாள் நோயுற்ற 6 பேர்க்கு மூளையின் ஆழத்தே மின்முனை பதித்துத் தூண்டிய சோதனை கனடாவின் தொரன்றோவில் நடைபெற்று 2013ஆம் ஆண்டில் வெளியாயிற்று. சிலரிடம் நலம் காணப்பட்டது. எனினும் அது சோதனை நிலையைக் கடந்ததன்று.

நான்காவது, காலம். பழக்கம் இறுகுமுன் தொடங்கும் மருத்துவமே எளிதிற் பயன் தரும். திங்கள்கள் கடந்தால் கடினம். ஆண்டுகள் கடந்தால் மிகக் கடினம். மயக்கம், நாடித்துடிப்பு மெதுவாதல், மாதவிலக்கு நிற்றல், தொடர்ந்த நிறைக்குறைவு ஆகியன கண்டால் ஒரு நாளும் தாழ்த்தலாகாது. கல்முனை, அக்கரைப்பற்று, அம்பாறை ஆகிய இடங்களில் அரசாங்க மருத்துவமனைகள் உள்ளன. அங்கே கட்டணமின்றி மருத்துவரை நாடலாம். நூல் கட்டுதலோ ஓதிப் பார்த்தலோ குடும்பத்தார்க்கு மனஆறுதல் தருமாயின் தருக; அதன்பொருட்டு மருத்துவமனைக்குச் செல்லும் நாள் தள்ளிப்போதல் மட்டும் கூடாது.

ஆராய்ச்சி முற்றுப்பெறவில்லை. மெலிவுக்கு முன்னரே மூளையில் இருந்த வேறுபாடு எது, மெலிவால் வந்தது எது எனப் பிரித்தறிதல் இன்னும் எஞ்சியுள்ள பெரும்பணி. ஒரே வகைப் பட்டினியிற் பலர் மீள, சிலர் மட்டும் அதனுள் அகப்படுவது ஏன் என்பதும் முற்றாகத் தெளியவில்லை. கீழைநாட்டு நோயாளரின் மூளை பற்றிய ஆராய்ச்சி மிகச் சிறிதே. ஆனந்த் பிறந்த நிலப்பகுதியிலிருந்தும், இலங்கையிலிருந்தும் வருங்கால ஆராய்ச்சியாளர் இப்பணியை மேற்கொள்ளுதல் வேண்டற்பாலது.

ஆயினும் முற்றுப்பெறாத அறிவும் ஒரு வீட்டைக் காக்கப் போதுமானது. முதலிற் கூறிய வீட்டுக்கு மீண்டும் சென்று பார்க்க. சிறுமி தட்டின் முன் அமர்ந்திருக்கின்றாள். அவள் செருக்குற்றவளும் அல்லள். பேய் பிடித்தவளும் அல்லள். அவளது மூளை பட்டினியால் வருந்துகின்றது. பசியின் குரலை அச்சம் மறைத்து நிற்கின்றது. இதனை அறிந்த தந்தை அதட்டமாட்டார். இதனை அறிந்த தாய் தன்னையே நொந்து அழமாட்டாள். மருத்துவர் வகுத்த அளவைத் தட்டில் இட்டு, அருகில் அமர்ந்து, அது முடியும் வரை எழாதிருப்பாள். அடுத்த வேளையும் அவ்வாறே இருப்பாள். குழாய்வழி ஊட்டிக் காத்த ஆராய்ச்சியாளரின் பொறுமை எலிகளுக்கு வாழ்வு தந்தது. பெற்ற தாயின் பொறுமை, மருத்துவரின் துணையோடு கூடியவழி, அதனினும் மிக்கது செய்ய வல்லது.